உடைந்த பொம்மையும் நாளைய பொறியாளரும்

மத்திய அரசின் 2025-26-ஆம் ஆண்டுக்கான நிதிநிலை அறிக்கையில் இரண்டு அறிவிப்புகள் இடம்பெற்றன. ஒன்று, இந்தியாவைப் பொம்மைகளின் உலகளாவிய மையமாக மாற்றுவதற்கான திட்டம். மற்றொன்று, அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்களை அமைக்கும் திட்டம். முன்னது தொழில் துறை சார்ந்தது. பின்னது கல்வி சார்ந்தது. இரண்டும் தனித்தனியே பேசப்பட்டன. ஆனால், இவை இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. அது நம் வீட்டுப் பரண்.

குழந்தைகள் வளர்ந்த வீட்டின் பரணில் ஓடாமல் போன ரிமோட் கார் ஒன்றாவது கிடக்கும். பிறந்த நாளுக்கு வாங்கியதாக இருக்கும்; சில மாதங்கள் ஓடியிருக்கும். பிறகு ரிமோட் தொலைந்திருக்கும், அல்லது பேட்டரி கசிந்து உலோகத் தகட்டில் பச்சை பூத்திருக்கும். பழுதுபார்க்க ஆளில்லை, தூக்கி எறியவும் மனமில்லை. போகிப் பண்டிகைக்கு வீட்டை ஒழிக்கும்போது அது காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அது பிளாஸ்டிக் விலைக்கு எடை போடப்படுகிறது.

அந்த எடைதான் இங்கே கேள்விக்குரியது. காயலான் கடையின் தராசு காட்டுவது அந்தப் பொருளின் விலையை. அதன் பயன் மதிப்பை அன்று. ஓடாத ரிமோட் கார் என்பது, சற்று நிதானமாகப் பார்த்தால், பாதி முடிந்த ஒரு ரோபோ. மீதிப் பாதியை ஒரு பள்ளி மாணவரால் முடிக்க முடியும். அப்படி முடிப்பதற்கான வழியை நம் தொழில் கொள்கையும், கல்விக் கொள்கையும், கழிவு மேலாண்மைக் கொள்கையும் சேர்ந்தே அடைத்து வைத்திருக்கின்றன.

முதலில் பிரச்னையின் அளவைப் பார்க்கலாம். 2022-ஆம் ஆண்டில் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானதாகவும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் உலக மின்னணுக் கழிவு கண்காணிப்பு அறிக்கை (2024) கூறுகிறது. ஐ.நா. பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 2023-இல் தந்த மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 730 கோடி மின்னணுப் பொம்மைகள் வீசப்படுகின்றன. பந்தயக் கார்கள், மின்சார ரயில்கள், பேசும் பொம்மைகள், சிறிய ட்ரோன்கள் எல்லாம் இதில் அடக்கம். உலக மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் தலைக்கு ஏறத்தாழ ஒரு பொம்மை. இவற்றை மின்னணுக் கழிவு என்றே பலரும் கருதுவதில்லை என்பதால், 'கண்ணுக்குத் தெரியாத கழிவு' என்று அந்த மதிப்பீடு இவற்றை வகைப்படுத்துகிறது.

இனி நம் பொம்மைக் கொள்கைக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. மத்திய அரசின் கணக்குப்படி, 2014-15-இல் 33.25 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2022-23-இல் 15.87 கோடி டாலராகக் குறைந்தது. அதே காலத்தில் ஏற்றுமதி 9.62 கோடி டாலரிலிருந்து 32.57 கோடி டாலராக உயர்ந்தது. இது பாராட்டத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இந்தக் கணக்கு முழுவதும் பொம்மை விற்பனையாகும் நொடியோடு முடிந்துவிடுகிறது. தரக் கட்டுப்பாட்டு ஆணை, மின் பொம்மை குழந்தைக்குப் பாதுகாப்பானதா என்று சோதிக்கிறது. அது அவசியமான சோதனை. ஆனால், அந்தப் பொம்மையைத் திறக்க முடியுமா, பழுதானால் சரிசெய்ய முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. உற்பத்தியும் ஏற்றுமதியும் உயர்ந்தால் போதும் என்று எண்ணும் கொள்கை, அடுத்த தலைமுறைப் பொம்மையை யார் வடிவமைக்கப் போகிறார்கள் என்ற கேள்வியை மறந்துவிடுகிறது.

ஒரு ரிமோட் காருக்குள் என்ன இருக்கிறது? மேலோட்டைக் கழற்றினால், கீழே ஓர் அடிச்சட்டம், நான்கு சக்கரங்கள், பின்சக்கரங்களை ஓட்டும் சிறிய மோட்டார் ஒன்று, முன்சக்கரங்களைத் திருப்பும் மோட்டார் ஒன்று, மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே பற்சக்கரப் பெட்டி, பேட்டரிப் பெட்டி, ரிமோட்டிலிருந்து வரும் ரேடியோ அலையை வாங்கும் ஒரு மின்சுற்றுப் பலகை. பெரும்பாலும் முதலில் செயலிழப்பது இந்தப் பலகை, அல்லது தொலைந்துபோவது ரிமோட். இயந்திரப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ரோபோ செய்யப் புகும் மாணவருக்குக் கடினமானது இந்த இயந்திரப் பகுதிதான். சிறிய மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழலும்; ஆனால், அதன் இழுவிசை மிகக் குறைவு. அதை நேரடியாகச் சக்கரத்தில் பூட்டினால் வண்டி நகராது. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுவது பற்சக்கரங்களின் வேலை. அவற்றைத் துல்லியமாகச் செய்து, அச்சு பிசகாமல் பொருத்த ஒரு பட்டறையே தேவைப்படும். பழைய பொம்மையில் அது தயாராக இருக்கிறது. யாரோ ஒரு தொழிற்சாலையில் அச்சு வார்த்து, சோதித்து, பொருத்தி வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பையும் முதலீட்டையும்தான் நாம் பிளாஸ்டிக் விலைக்குப் போடுகிறோம்.

மீதியைச் செய்ய என்ன வேண்டும்? செயலிழந்த பலகைக்குப் பதிலாக, நிரலை ஏற்று நடக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகை. இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-இல் வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ இதற்குப் பெயர் பெற்றது. அதன் வடிவமைப்பு திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டதால், யார் வேண்டுமானாலும் அதே போன்ற பலகையைத் தயாரிக்கலாம். அதனால் அதன் விலை சில நூறு ரூபாயில் நிற்கிறது. இந்தப் பலகையால் மோட்டாரை நேரடியாக ஓட்ட முடியாது. அது தரும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆகவே இடையில் மோட்டாரை இயக்கும் துணைப் பலகை ஒன்று வேண்டும். எதிரே தடை இருப்பதை அறிய மீயொலி உணர்வி ஒன்று வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இவை அத்தனையும் சில்லறையாகக் கிடைக்கின்றன.

மீயொலி உணர்வி வேலை செய்யும் விதம் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். அது நம் காதுக்குக் கேட்காத ஓர் ஒலியை அனுப்புகிறது. எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். ஒரு மீட்டர் தொலைவில் சுவர் இருந்தால் ஒலி போய் வர ஏறத்தாழ 6 மில்லி நொடி. பாடநூலில் 'ஒலியின் திசைவேகம்' என்று மனப்பாடம் செய்த எண், தரையில் ஓடும் வண்டி சுவரில் மோதாமல் திரும்பும்போது உயிர் பெறுகிறது.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி கடந்த கோடை விடுமுறையில் இப்படி ஒரு வண்டியை உருவாக்கினாள். அவளுடைய தம்பி உடைத்துப் போட்ட கார் அது. அவளுடைய கணக்கு நோட்டைப் பார்க்கக் கேட்டேன். பொருளாதாரம் படித்தவனுக்கு அந்த ஆவல் இயல்புதானே! புதிதாக வாங்கிய பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. என்னைக் கவர்ந்தது அந்தத் தொகை மட்டுமன்று. அதே நோட்டில் அவள் எழுதி வைத்திருந்த தோல்விகளின் பட்டியலும்தான்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் கட்டுப்பாட்டுப் பலகை தானாகவே அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. இரண்டு நாள் தேடியபின் காரணம் தெரிந்தது. மோட்டாரின் உள்ளே உராயும் தொடுமுனைகளிலிருந்து எழும் மின்னிரைச்சல், பலகையைக் குழப்பியிருக்கிறது. மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு மின்தேக்கியைப் பற்றவைத்ததும் சரியானது. அடுத்து, துணைப் பலகையே சுமார் இரண்டு வோல்ட்டை விழுங்கிவிட்டதால் வண்டி சோம்பலாக நகர்ந்தது. அதன்பின், முன்சக்கரம் முழுவதுமாக இடப்புறமோ வலப்புறமோதான் திரும்பும், நடுவே எங்கும் நிற்காது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். மலிவான பொம்மைகளில் அப்படித்தான் அமைத்திருப்பார்கள். அதற்கேற்ப நிரலை மாற்றி, வண்டி பின்னால் வந்து திரும்பும்படி செய்திருக்கிறாள்.

கடையில் விற்கும் ரோபோ பயிற்சிப் பெட்டியில் இந்த மூன்று பாடங்களும் கிடைப்பது அரிது. பெட்டியில் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும்; படத்தைப் பார்த்து இணைத்தால் ஓடும். அது தொடக்கநிலைக்கு நல்லதுதான். ஆனால், பிறர் செய்த ஒரு பொருளைப் புரிந்துகொண்டு, அதன் குறையோடு அதை வேலை செய்ய வைப்பதுதான் பொறியியலின் அன்றாடப் பணி. அதைக் கற்றுத்தரப் பழைய பொம்மையைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, செய்து பழகுவதால் விளையும் அறிவைப் பற்றியது. விமானத்தின் உடற்பகுதியைத் தயாரிக்கும் ஆலைகளில், தயாரிக்கும் எண்ணிக்கை கூடக்கூட ஒரு விமானத்துக்குத் தேவையான உழைப்பு நேரம் குறைந்து வந்ததை அவர் எடுத்துக்காட்டினார். தொழில்நுட்ப முன்னேற்றம் வானத்திலிருந்து இறங்குவதன்று, செய்பவர்களின் கைப்பழக்கத்தில் ஊறுவது என்பதே அதன் சாரம். இதில் இன்னொரு கருத்தும் உண்டு. இப்படி விளையும் அறிவு அதைப் பெற்றவரோடு நிற்பதில்லை; சுற்றியிருப்போருக்கும் பரவுகிறது. அதனால், அதன் முழுப் பலனும் தனிநபரின் வரவில் தெரியாது. சந்தை அதில் போதுமான அளவு முதலீடு செய்யாது. அரசு கைகொடுக்க வேண்டியது அங்கேதான்.

நமக்கு இந்தப் பாடம் புதிதும் அன்று. கோவையின் ஜி.டி. நாயுடு இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினார். ஓட்டி மகிழ்வதற்கு முன் அதைப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டார். அவர் வாங்கியதும் பிறர் பயன்படுத்திய பழைய வண்டிதான். பின்னாளில் கோவை ஒரு தொழில் நகரமாக எழுந்ததில் அந்தத் தலைமுறையின் இத்தகைய ஆர்வத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம் காலத்தில், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, தீப்பெட்டி, சைக்கிள் டியூப், பழைய காகிதம் ஆகியவற்றைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தருவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்த மரபு இருந்தும் நம் பள்ளி ஆய்வகங்கள் எப்படி நடக்கின்றன? அடல் டிங்கரிங் ஆய்வகம் ஒன்றுக்கு மத்திய அரசு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. நாடு முழுவதும் ஏற்கெனவே 10,000 ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. நல்ல திட்டம். ஆனால், அரசுப் பணத்தில் வாங்கும் எதற்கும் விலைப்புள்ளி, ரசீது, இருப்புப் பதிவேடு என்ற சங்கிலி உண்டு. கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புதிய கருவியை வாங்கிப் பூட்டி வைத்தால் தணிக்கையில் கேள்வி வராது; மாணவர் திறந்து பார்த்து உடைத்துவிட்டால் கேள்வி வரும். ஆகவே பொறுப்பாசிரியர் கருவிகளை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; விதி அவரை அப்படி நடக்கவைக்கிறது.

ஓடாத பொம்மைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஏற்கெனவே உடைந்த ஒன்றை உடைத்ததாக யாரும் குற்றம் சாட்ட முடியாது. பயமின்றித் திறக்கலாம் என்பதே அதன் பெரும் சிறப்பு. விலையுயர்ந்த பெட்டியை நாற்பது மாணவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதைவிட, ஆளுக்கொரு பழைய பொம்மையைத் திருப்புளியோடு கையில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

கழிவு விதிகளிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் (2022), மின்சார ரயில், பந்தயக் கார் முதலான பொம்மைகளையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. உற்பத்தியாளர்கள் தாங்கள் விற்றதில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு ஈடான மறுசுழற்சிச் சான்றிதழ்களைப் பெற வேண்டும். இந்தச் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய உலோகங்களின் மீட்பை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு ரிமோட் காரில் மீட்க எவ்வளவு உலோகம் இருந்துவிடப் போகிறது? மோட்டாரில் கொஞ்சம் செம்பு, கொஞ்சம் இரும்பு. பொம்மையின் உண்மையான மதிப்பு உலோகத்தில் இல்லை. ஓடும் நிலையிலுள்ள அதன் அமைப்பில் இருக்கிறது. அரைத்து உருக்கினால் அந்த மதிப்பு அழிந்துவிடும். மறுசுழற்சிக்கு முன் மறுபயன்பாடு என்பது சுற்றுச்சூழல் பொருளாதாரத்தின் அரிச்சுவடி. நம் ஊக்கத்தொகை அமைப்போ அந்த வரிசையைப் பொம்மைகள் விஷயத்தில் தலைகீழாக்குகிறது.

பழுதுபார்க்கும் உரிமைக்கான வலைதளத்தை 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடங்கும். பொம்மை தனித் துறையாகக் கருதப்படவில்லை. மேலோடு திருகாணிக்குப் பதில் பசையால் ஒட்டப்பட்டிருப்பது, சாதாரணத் திருப்புளியால் கழற்ற முடியாத முக்கோணத் தலைத் திருகாணி, எந்த மோட்டார் எத்தனை வோல்ட்டில் ஓடும் என்ற குறிப்பே இல்லாதது போன்ற தடைகள் மலிவான பொம்மைகளில் சாதாரணம். பேட்டரி அறையைக் குழந்தை திறக்காதபடி காப்பது நியாயமே. பழுதுபார்ப்பவரையும் சேர்த்துத் தடுப்பதற்கு நியாயம் இல்லை.

பழைய பொருள் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் எழுதிய கட்டுரை, ஒரு பொருளின் குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் போனால் நல்ல பொருள்கள் சந்தையை விட்டே வெளியேறிவிடும் என்று விளக்கியது. பழைய பொம்மைக்குச் சந்தை உருவாகாததற்கும் இதுவே காரணம். எது சரிசெய்யத்தக்கது, எது பயனற்றது என்று யாரும் சொல்வதில்லை; எல்லாமே எடைக்குப் போகின்றன. ஒன்றரை வோல்ட் பேட்டரிகள் இரண்டும், இரண்டு கம்பியும் இருந்தால் மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யப் பள்ளி மாணவர்களே போதும்.

எதிர்வாதங்களும் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பாதுகாப்பு. இது அலட்சியப்படுத்தக் கூடியதன்று. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தாலோ குத்துப்பட்டாலோ தீப்பற்றும். கசிந்த பேட்டரியின் வேதிப்பொருள் தோலைப் புண்ணாக்கும். பற்றவைப்புக் கோல் சுடும். ஆகவே பழைய பேட்டரிகளை முதலிலேயே அகற்றி, முறையான சேகரிப்புக்கு அனுப்ப வேண்டும். பள்ளியில் சாதாரண உலர் மின்கலங்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தைக் கையாளக் கற்றுத்தரும் பள்ளிக்கு இது இயலாத காரியமன்று.

இரண்டாவது, பழைய பொம்மை புழங்கினால் புதிய பொம்மை விற்பனை குறையும் என்ற அச்சம். ரோபோவாக மாற்றப்படுவது ஓடாத பொம்மை. அது புதிய பொம்மைக்குப் போட்டியாகாது. மாறாக, மோட்டார், உணர்வி, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றுக்கு அது புதிய தேவையை உருவாக்கும். மூன்றாவது, இதெல்லாம் ஒட்டுவேலை, உயர் தொழில்நுட்பம் ஆகுமா என்ற கேள்வி. ஆகாதுதான். ஆனால், உயர் தொழில்நுட்பத்துக்குப் போகும் படிக்கட்டில் இது முதல் படி. முதல் படியை எடுத்துவிட்டு மாடிக்கு ஏறச் சொல்வது எப்படி?

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல. ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஓடாத பொம்மைகளைப் பெறும் பெட்டி ஒன்றை வைக்கலாம். பெற்றோரும் குடியிருப்போர் சங்கங்களும் மகிழ்ச்சியோடு தருவார்கள். ஆய்வக மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்புளி, மின்னளவி, பற்றவைப்புக் கோல், சில்லறை உதிரி பாகங்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கி, அவற்றை 'தேய்மானத்துக்குரியவை' என்று தணிக்கை விதியில் அறிவிக்கலாம். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் மின்னணுப் பிரிவு மாணவர்களும், தெருமுனையில் வானொலி பழுதுபார்த்த கைகளும் மாதம் ஒருமுறை வந்து வழிகாட்டலாம். அதற்கு மதிப்பூதியம் தர வேண்டும். பொம்மை உற்பத்தியாளர், பள்ளிக்குத் தரும் மறுபயன்பாட்டுக்கான பொம்மைகளுக்கும் கழிவு விதியின் கீழ் சான்று கிடைக்க வழி செய்யலாம். பசைக்குப் பதில் திருகாணி, மோட்டாரின் வோல்ட் அளவு ஆகியவற்றைத் தர முத்திரையின் நிபந்தனையில் சேர்க்கலாம்.

இவையெல்லாம் யாருக்காக என்பதே இறுதிக் கேள்வி. நகரங்களில் ரோபோட்டிக்ஸ் வகுப்புகள் இன்று தனியார் பயிற்சி நிலையங்களில் பல ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் நடக்கின்றன. பணம் உள்ள வீட்டுக் குழந்தைக்கு அங்கே தனிப் பெட்டி கிடைக்கிறது. தவறு செய்யவும், மீண்டும் செய்து பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. அரசுப் பள்ளிக் குழந்தைக்குப் பூட்டிய அலமாரியின் கண்ணாடி வழியே பார்க்கும் வாய்ப்பு மட்டுமே கிடைக்குமானால், 50,000 ஆய்வகங்கள் திறந்தாலும் அந்த இடைவெளி குறையாது. தவறு செய்து பார்க்கும் வசதியும் ஒரு செல்வம்தான். வாசிப்பையும் எழுத்தையும் போல அதையும் பொதுவில் பங்கிட்டுத் தரவேண்டியது அரசின் கடமை.

உலகின் பொம்மைத் தொழிற்சாலையாக இந்தியா மாற வேண்டும் என்பது நல்ல இலக்கு. ஆனால், பிறர் வரைந்த வடிவத்தை அச்சில் வார்க்கும் தொழிற்சாலையாக மட்டும் நின்றுவிட்டால், கிடைப்பது கூலி. லாபம் வடிவமைத்தவருக்கே போகும். வடிவமைக்கும் தலைமுறை வேண்டுமென்றால், அதற்குத் திறந்து பார்க்கும் உரிமையைச் சிறு வயதிலேயே தர வேண்டும். வருகிற போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, ஓடாத அந்தக் காரை எடைக்குப் போடாமல் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுப்பது நாம் செய்யக்கூடிய காரியம். அதைப் பள்ளி வாங்கிக்கொள்ள வழி செய்வது அரசு செய்ய வேண்டிய காரியம்.